எலி கடிக்காத ஓட்டை

திருவிடந்தை,
கார்த்திகைக் கடைசி

பிரவின்குமாருக்கு,

அரவிந்தன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். நலம் பாதிப் பொய், ஆவல் முழு உண்மை. போனில் நீ என்னை பிளாக் பண்ணி பதினோரு மாசம் ஆகிறது. தபால்காரரை பிளாக் பண்ண முடியாதில்லையா, அதனால் இந்த வழி. உன் நாகர்கோவில் ஹாஸ்டல் விலாசத்தை உங்கம்மாதான் கொடுத்தாங்க. எப்படிக் கொடுத்தாங்க என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மன்னிச்சுக்கோ. இதை மூன்று நாளாக எழுதுகிறேன். என் விரல்கள் இப்போதெல்லாம் கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி, பதினோரு மணிக்கு மேல்தான் சீட்டில் உட்காரும், நாலு மணிக்கெல்லாம் எழுந்து போய்விடும். அனு டைப் பண்ணித் தருகிறேன் என்றாள். தங்கச்சியை வைத்து எழுதுகிற விஷயமில்லை இது.

எனக்கு முடக்குவாதம். மாசி மாசம் சட்டைப் பட்டன் போட முடியாமல் நான் நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். நேராகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. எனக்குத் தெரிந்த வாதமெல்லாம் பிடிவாதமும் விதண்டாவாதமும்தான் என்றேன். டாக்டரம்மா சிரித்தாங்க, அம்மா அழுதாள். கிழவங்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். பதினைந்து வயசிலும் வரும் தம்பி, உனக்கு வந்திருக்கே என்றாங்க. வாரத்துக்கு ஒரு மாத்திரை, காலையில் வெந்நீர்ச் சட்டியில் கை, அப்புறம்தான் பிரஷ்.

பேர் தெரிந்ததுதான் மாசியில். வலி அதற்கு முந்தின ஐப்பசியிலேயே வந்துவிட்டது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஊரையே கலாய்க்கிறவன், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இப்போது அந்தக் கூடாரை நாளுக்கு வருகிறேன். நீயும் அதற்குத்தான் காத்திருப்பாய்.

மார்கழி பஜனையில் நான் ஆர்மோனியம், நீ ஜால்ரா. பெட்டியை உன் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து, முடிந்ததும் குப்பத்தில் உங்க வூட்டிலேயே வைத்துக்கொள்வாய். நாலரை மணிக் குளிரில் என் விரல் ஒவ்வொன்றும் ஐஸில் வைத்த நெத்திலியாக விறைத்துக் கிடக்கும். இருபத்தாறு நாள் ரெண்டு விரலை வைத்தே ஒப்பேற்றினேன். இருபத்தேழாம் நாள், ‘கூடாரை வெல்லும்’ பாசுரம் பாடுகிற கூடாரை. மூன்று தெரு கோஷ்டியும் ஒன்றாகச் சேரும், ஆரம்பத்தில் நான் தனியாக வாசிக்கணும். அன்றைக்கு ரெண்டு விரலும் மடங்கவில்லை.

நீ டீ வாங்கப் போனாய். நான் பையிலிருந்த காம்பஸை எடுத்து ஆர்மோனியத் துருத்தியில் குத்தினேன். தோல் கெட்டி, கைக்கு பலமில்லை. உள்ளங்கையால் அழுத்தி ஒரே இடத்தில் மூன்று தடவை குத்தினேன்.

பெட்டி ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது. கோஷ்டித் தலைவர் வாசுதேவன் சார் தடவிப் பார்த்துவிட்டு, குப்பத்து வூட்டில் வைத்தால் மீன் வாடைக்கு எலி வராமல் இன்னா பண்ணும் என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். கீச் கீச் என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் ஜால்ராவை வாங்கி வேறொருத்தனிடம் கொடுத்தார்கள். நீ அந்த ஓட்டையைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். எலி இவ்வளவு வட்டமாகக் கடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். நீ என்னை அங்கேயே நாலு அறை விட்டிருக்கலாம் மச்சான்.

போன ஞாயிறு இந்த வருஷ பஜனைக்காக வாசுதேவன் சார் வூட்டில் கூடினார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். யாருமே நம்பவில்லை. டேய், புது டூப்பா, எவன்கிட்ட கதை விட்டுகினு கீறே என்று ஒரே சிரிப்பு. இத்தனை வருஷம் நான் சம்பாதித்த பேர் அது. வேறு வழியில்லாமல் கையை நீட்டி, இதை முஷ்டியாக மடக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்றேன். மடங்கவில்லை. சிரிப்பு நின்றது. சார் என் விரலைத் தொட்டுப் பார்த்து, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குப் பெட்டியில்லாமலே பாடிக்கொண்டு போயிருப்போமேடா என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை. அப்புறம், எலி என்று முதலில் சொன்ன வாய் என்னுது, பிரவின் அம்மாவிடம் நான் பேசணும் என்றார். நான் முதலில் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உங்கம்மாவிடம் போனேன். சகுந்தலா அத்தை அரிவாள்மணையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாங்க. நீ ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து எங்க வூட்டுக்கு வாங்குகிறதோடு ரெண்டு மீன் சேர்த்துப் போட்டு, கண்ணு, பிரவீ உன்கிட்டயாவது பேசறானா என்று கேட்கிறவங்க. அந்த ரெண்டு மீனும் என் தொண்டையில் முள்ளாக நின்றதை அவங்க அறியமாட்டாங்க. முழுசும் சொன்னேன். மீன் அரிகிற கை நிற்கவே இல்லை. கடைசியில், எம்புள்ள அதான் தீவாளிக்குக்கூட வூட்டாண்ட வரலியா என்றாங்க. அப்புறம், எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லினு கீறே, அவங்கிட்ட சொல்லு என்று மீன் சுற்றுகிற பேப்பரில் உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தாங்க. அன்றைக்கு எடை போட்ட மீன் மட்டும்தான். நியாயம்.

உன்மேல் தப்பில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பெட்டிக்குப் புதுத் தோல் போட்டாச்சு. வாசிக்க ஆளில்லை. அந்த நேரத்துக்கு என் கை ஆகாது. நான் மத்தியானத்தில், யாரும் இல்லாதபோது, வலிக்காத அளவுக்கு ரெண்டு பாட்டு வாசித்துக்கொள்கிறேன். அது போதும் என்று பழகிக்கொண்டு வருகிறேன். உனக்கு விருப்பமிருந்தால் பஜனைக்கு வா. இல்லையென்றால் வேண்டாம், அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொங்கல் லீவுக்கு நாகர்கோவிலிலேயே தங்கிவிடாதே. ஈசிஆர் ரோட்டில் நம்ம ஊர் ஸ்டாப்பில் இறங்கி எங்க தெரு வழியாக வரவேண்டாம், கோவளத்தில் இறங்கிக் கரையோரமாகவே நடந்து போய்விடு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், சத்தியம். உங்கம்மா மீன் விற்றுக்கொண்டிருக்கும்போதே நாலு தடவை ரோட்டைப் பார்க்கிறாங்கடா. வூட்டுக்கு வந்துட்டுப் போ.

இப்படிக்கு,
அரவிந்தன்