பின்கதவு வழியாக வந்தவருக்கு

முன்கதவில் உங்கள் சாவி நுழையாமல் மல்லுக்கட்டியிருப்பீர்கள். நன்றாக வேண்டும். பூட்டை மாற்றிவிட்டேன்.

பத்திரப்பதிவு வெள்ளிக்கிழமைதான். அதுவரை இது நம் வீடு. "சும்மா அளவெடுக்கத்தானே, பாவம்" என்று வீட்டை வாங்குகிறவரிடம் மாற்றுச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். காலையில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வருகிறேன், கூடத்தில் அவரும் அவர் மனைவியும் ஒரு கொத்தனாரும் நிற்கிறார்கள்! அழைப்பு மணி எதற்கு இருக்கிறது, அழகுக்கா?

அந்த அம்மா நம் சமையலறைச் சுவரில் பென்சிலால் "இடிக்கணும்" என்று எழுதுகிறாள். நான் பக்கத்தில் நிற்கும்போதே!

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடுங்கள். நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன். புதுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். அதையும் யாருக்காவது தானம் பண்ணினீர்களோ, பத்திரத்தில் என் கையெழுத்து விழாது.

பி.கு.: அடுப்புக்கு மேலே நீங்கள் அடித்த அலமாரியைப் பார்த்து, "இந்தக் கோணலை யாரு அடிச்சது?" என்று கொத்தனார் சிரித்தார். "எங்க வீட்டுக்காரர்தான். உங்களுக்கென்ன வந்தது?" என்று மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அது கோணல்தான். பதினோரு வருஷமாக நானும் சொல்கிறேன். நான் சொல்லலாம், கண்டவர்களும் சொல்லக் கூடாது.

இன்னொன்று: வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பத்திரமாகக் கழற்றி வையுங்கள். அது விற்பனையில் சேராது.