லிஃப்டை நிறுத்தியதற்காக மூடிய அறிவியல் வகுப்பைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுமைத் தொழிலாளி,
பொது நூலகத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
கல்வித்துறைத் தலைமை அலுவலர் அவர்கள்.

பொருள்: நூலக மூன்றாம் மாடியின் சனிக்கிழமை அறிவியல் வகுப்பை மீண்டும் நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

1. வகுப்பு எடுப்பவர் வானியல் ஆராய்ச்சி செய்யும் அம்மா. வாயு நிறைய இருந்தும் நட்சத்திரம் குறைவாக உள்ள விண்மீன் திரள்களைப் பற்றியது அவர் ஆராய்ச்சி. மளிகை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு இன்னும் அடுப்புப் பற்றவைக்காத வீடு மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். "ஏன் மிஸ் பத்த வைக்கல?" என்றான் ஒருவன். "தெரியலடா. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். தெரியாது என்று சொல்லும் டீச்சரை என் பேத்தி அன்றுதான் பார்த்தாள். அதுவரை அறிவியல் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்பவள்.

2. அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு பிள்ளைகள் பெரிய புனல்போல ஓர் ஆன்டெனா செய்தார்கள். அதைப் பால்வீதிப் பக்கம் திருப்பினால், அங்குள்ள ஹைட்ரஜன் வாயு கம்ப்யூட்டரில் ஓடும் கோட்டில் ஒரு மேடாகத் தெரியும். பக்கத்தில் மோட்டார் ஓடினால் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே அந்த நேரத்தில் காவலாளி லிஃப்டை நிறுத்துவார். செல்போனை அணைக்கச் சொல்லி வாசலில் அறிவிப்பும் உண்டு.

3. சென்ற மாதம் தங்கள் துறையின் ஆய்வாளர் ஐயா வகுப்பைச் சோதிக்க முன்னறிவிப்பின்றி வந்தார். அறிவிப்புப்படி செல்போனை அணைத்துவிட்டு லிஃப்டில் ஏறியிருக்கிறார். காவலாளி வழக்கம்போல, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தியதை, பேத்தியைக் கூட்டிவந்து படிக்கட்டில் நின்ற நானும் கேட்டேன். பதில் இல்லை, நிறுத்திவிட்டார். வகுப்பு முடிந்து லிஃப்ட் இறங்கியபோது ஐயா வியர்த்துக்கொண்டு வந்தார். "குரல் குடுத்திருக்கலாமே சார்" என்றார் காவலாளி. "ஆபீசர் லிஃப்டுக்குள்ளேர்ந்து கத்துவானாய்யா?" என்றார் ஐயா. மறுவாரமே, கற்பிக்கும் முறை சரியில்லை என்று வகுப்பை மூடி, ஆன்டெனாவைச் சாமான் அறையில் பூட்டிவிட்டார்கள். வகுப்பறைக்குள் ஐயா கால் வைக்கவே இல்லை.

4. ஆன்டெனாவைத் திருப்பிப் பார்க்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை உண்டு. அடுத்தது என் பேத்தியுடையது. இந்தப் பத்தியை எழுதமாட்டேன் என்றாள். அதட்டி எழுத வைக்கிறேன். அவளுக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவீர்களாம். அவளுக்காகவும்தான் ஐயா. இன்னும் சில வாரங்களில் பால்வீதி, வகுப்பு நேரத்துக்கு முன்பே வானத்தில் இறங்கி மறைந்துவிடுமாம். பிறகு அடுத்த வருஷம்தான்.

ஆகவே, அதற்குள் வகுப்பைத் திறந்து ஆன்டெனாவைத் தர உத்தரவிட வேண்டுகிறேன். காவலாளி இனி லிஃப்ட் கதவைத் திறந்து பார்த்தபின்தான் நிறுத்துவார். ஆய்வாளர் ஐயாவும் அவசியம் வரட்டும். அவருக்கும் ஒரு முறை தருவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். என் பேத்திக்கு அடுத்து.

நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி
இடம்: நூலகத்தின் எதிர்வீடு

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(இடது பெருவிரல் ரேகை)