நைனா என்ற இரண்டெழுத்து

திருத்தணி,
ஆடிக்கிருத்திகை முடிந்த மறுவாரம்

அன்புள்ள புவனாவுக்கு,

மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க மலைமேல் இருப்பவனை வேண்டிக்கொண்டு நிர்மலா எழுதுவது. இங்கே காவடிக் கூட்டம் வடிந்துவிட்டது. தெருவெல்லாம் இன்னும் பூவும் குப்பையுமாகக் கிடக்கிறது.

நீ எழுதிய பாட்டை என் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் மலையில் நன்றாகவே பாடினார்கள். நைனா கேட்டாரா, என்ன சொன்னார் என்று தினமும் மெசேஜ் போடுகிறாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மெயில்.

பாட்டைச் சுரக்குறிப்போடு கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஓர் எழுத்தாகப் பிரித்துப் போட வேண்டும். கடைசி வரி, ‘வாசலில் வந்து நின்றேன் நைனா’. நை, னா என்று போட்டதும் ஒரு சுரம் காலியாக நின்றது. ‘னா’வை ஒட்டி ஒரு கோடு இழுத்திருந்தால் பிள்ளைகள் நீட்டிப் பாடியிருப்பார்கள். எனக்கு என்ன கேடு வந்ததோ, கச்சிதமாக உட்காருகிறதே என்று ‘முருகா’ என்று போட்டுவிட்டேன். மலையில் பாடுவதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உன் கல்யாணத்திலிருந்து உன்னோடு பேசாமல் இருக்கும் அப்பாவை நீ அந்த ஒரு சொல்லில்தான் கூப்பிட்டிருந்தாய். அது தெரிந்தும் செய்தேன், பாவி.

அவர் வந்திருந்தார், புவனா. உன் பாட்டு என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, சலவை வேட்டியில் வந்து முன்னால் உட்கார்ந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, “பாப்பா எழுதின பாட்டுல என்னை எங்கனா கூப்ட்டுக்கீறாளாம்மா?” என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். “இல்லீங்க, சாமி பாட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். “ஆங், சரிம்மா” என்றவர், கொடுத்த பொங்கலைக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது திருத்திவிட்டேன். கோடும் இழுத்தாயிற்று. இனி யார் பாடி என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அங்கிருந்தே உனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுப்பேன்.

என்மேல் உள்ள கோபத்தைப் பிறகு வைத்துக்கொள். அன்றைக்குப் போனை மட்டும் எடுத்துவிடு. வேறொன்றும் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, அவரைக் கூப்பிடு. எவ்வளவு நீட்டிக் கூப்பிட்டாலும் சரி.

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற,
நிர்மலா