மிளகாய்த்தூள் என்று எழுதியது என் பிழை

சுன்னாகம்
12.04.1993

அன்பு மகன் நேசனுக்கு,

இங்கே அப்பாவும் தங்கச்சியும் நானும் சன்னிதி முருகன் துணையில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் பிடிக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் இதைத் தொடங்குகிறேன். நீ மார்ச் நான்காந் திகதி போட்ட கடிதம் போன வியாழக்கிழமைதான் என் கைக்கு வந்தது. ஐந்து கிழமையாக எங்கெங்கே நின்றுவிட்டு வந்ததோ தெரியாது, உறையின் ஒரு மூலை நனைந்து காய்ந்து போயிருந்தது. பதில் பிந்திவிட்டது என்று கோபிக்காதே ராசா, பிந்தியது என்னால் அல்ல, ஆனால் அதற்குள் நீ ஏதாவது முடிவு எடுத்திருப்பாயோ என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் முதற் பக்கத்தை வாசித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு யசிந்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், பாம்போ?" என்று கேட்டாள். பாம்பில்லை, என்ரை பிள்ளை சமைக்கப் போறான் என்றேன். திங்கட்கிழமைகளில் உங்கள் சாப்பாட்டுக் கடை திறக்க முதல், அங்கே வேலை செய்கிற பதினொரு பேருக்கும் ஒருவர் மாறி ஒருவர் சமைக்க வேணும், மே பத்தாந் திகதி உன் முறை, நன்றாகச் செய்தால் கழுவுகிற தொட்டியை விட்டு அடுப்படிக்கு எடுப்பதாக உங்கள் பெரிய சமையற்காரர் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அதை நான் அப்பாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். பதினாலு மாதமாக அந்தச் சுடுதண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய், விரல் வெடித்திருக்கிறது என்று நீ எழுதாவிட்டாலும் உன் எழுத்தின் கோணலில் எனக்குத் தெரிகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் என் சந்தோசமெல்லாம் வடிந்துவிட்டது. நான் முன்பு எழுதி அனுப்பிய முறைப்படி அறையில் ஒரு நாள் கோழிக்கறி வைத்துப் பார்த்தாய் என்றும், சாப்பிட்ட ஐந்து பேரும் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார்கள் என்றும், உன்னோடு வேலை செய்கிற போர்த்துக்கல் பொடியன் பால் பெட்டியை அப்படியே வாயில் கவிழ்த்தான் என்றும், எனக்குச் சமையல் வராது அம்மா, என் முறையை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

நேசன், பிழை உன்னுடையது அல்ல, முழுக்க என்னுடையது. மிளகாய்த்தூள் நான்கு மேசைக்கரண்டி என்று நான் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் என்றால் மல்லியும் சீரகமும் மிளகும் வறுத்துச் செத்தல் மிளகாயோடு சேர்த்து இடித்தது, அதைத்தான் நாங்கள் பிறந்த நாள் முதல் அந்தப் பெயரால் சொல்லி வருகிறோம். நீ அங்கே இந்தியக் கடையில் போய் மிளகாய்த்தூள் என்று கேட்டால் அந்த மனிசன் என்ன செய்வான், மிளகாயை மட்டும் அரைத்த பைக்கற்றை எடுத்துத் தந்திருப்பான், நீயும் அம்மா சொன்னது என்று நாலு கரண்டி வெறும் மிளகாயை அள்ளிப் போட்டிருப்பாய். இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, போத்தலில் பெயர் ஒட்டாமல் எதையும் தொடாதே என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான், என் பிள்ளைக்கு இப்படி எழுதினேனே என்று வியாழன் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பார், அவ்வளவு மிளகாய்க்குள்ளும் உன் அறைப் பெடியள் கோழித் துண்டுகளைக் கழுவிச் சாப்பிட்டு முடித்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படியென்றால் உப்பும் பதமும் சரியாக இருந்திருக்கிறது, கை பிழைக்கவில்லை.

அன்று பின்னேரமே நாங்கள் கூட்டம் போட்டுவிட்டோம். எங்கள் கூட்டம் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு தொடங்கியது. நானும் யசிந்தாவும், என்னோடு கணக்குப் படிப்பிக்கிற குணலட்சுமி ரீச்சரும், முன் வீட்டில் வெங்காயத் தோட்டம் செய்கிற நல்லம்மாக்காவும் பின்னேரங்களில் எங்கள் கிணற்றடியில் சேர்ந்தால் இன்று இராச் சாப்பாட்டுக்கு என்ன என்பதுதான் கதை. இல்லாத சாமான்களை விட்டுவிட்டு இருப்பதை வைத்து யார் புதிதாக என்ன செய்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் போட்டி போடுவோம், நாலு பேருக்கும் வாயில் நல்ல ருசி. உன் கதையைச் சொன்னதும் நல்லம்மாக்கா உடனே, "கூழ் காய்ச்சச் சொல்லு, ஒரு பேணி உள்ளை போனா அந்த வெள்ளையள் கதிரையை விட்டு எழும்பாதுகள்" என்றா. குணலட்சுமி, "பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கும் மீன் தலைக்கும் பொடியன் எங்கை போறது அக்கா?" என்று கேட்க, "அப்ப உந்தச் சுவிசிலை என்னதான் கிடக்கு?" என்று அவ சினந்தா. அதற்கு உன் தங்கச்சி அருந்ததி கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி, "சொக்கிளேற்" என்றாள். யசிந்தா பிட்டுத்தான் என்று நின்றாள், குழல் இல்லை என்று அதையும் தள்ளினோம். கடைசியில் நாலு பேரும் ஒத்துக்கொண்டது சோறும் கோழிப் பிரட்டலும் கோவா வறையும் தேங்காய்ப்பால் சொதியும். கோவாவை இந்தியக் கடைக்காரன் முட்டைக்கோஸ் என்பான். எல்லாச் சாமானும் அங்கே கிடைக்கும், கோழியை, பன்றி தொடாத உங்கள் கடைத் துருக்கிக்காரப் பொடியனும் சாப்பிடுவான்.

சொல்லிவிட்டு விடாமல் நேற்று யசிந்தா வீட்டில் ஒத்திகையும் பார்த்தோம். நேற்று அவர்களுக்கு உயிர்த்த ஞாயிறு, நாற்பது நாள் தவக்காலம் முடிந்து கோழி அடிக்கிற நாள், அவளே, "என்ரை சேவலிலை பழகட்டும்" என்று சொன்னாள். உனக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் அப்பா கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்று, இன்னும் நாற்பது நிமிசம், இன்னும் முப்பது நிமிசம் என்று கூவிக்கொண்டிருந்தார். யசிந்தா கரண்டியோடு திரும்பி, "றெயில் வராத ஊரிலை ஸ்ரேசன் மாஸ்ரரைப் பாருங்கோ" என்றாள், அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. பதினொரு பேர் வேண்டுமே என்று இரண்டு வீட்டு ஆட்களையும் எண்ணி இருத்தினோம். முதற் பிழை யசிந்தா விட்டாள், சொதி கொதித்துக்கொண்டிருக்கும்போதே தேசிக்காயைப் பிழிந்துவிட்டாள், பால் திரைந்து கட்டிகட்டியாகப் போனது. புளியும் சூடும் சேர்ந்தால் பால் திரையும் என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்க, "உம்மடை கெமிஸ்ரி நல்லாத்தான் இருக்கு, பொடியனுக்கு மிளகாய்த்தூள் எழுதேக்கை அதை எங்கை வைச்சிட்டு வந்தனீர்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன், நாலு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சமைத்து முடிய ஒரு மணி ஐம்பது நிமிசம், இருபது நிமிசம் கூட. குணலட்சுமி ஒரு துண்டுக் கடதாசியில் எதற்கு எவ்வளவு போனது என்று எழுதிப் பார்த்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் வெங்காயம் உரித்ததிலும் கோழி வெட்டியதிலும் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதனால் அந்த இரண்டையும் நீ முதல்நாளே செய்து குளிர்ப்பெட்டியில் வைத்துவிடு. மற்றதெல்லாம் நேரத்துக்குள் அடங்கும்.

இனிக் கவனமாக வாசி. முதலில் தூள். மல்லித்தூள் நாலு பங்கு, நற்சீரகத்தூள் ஒரு பங்கு, பெருஞ்சீரகமும் மிளகும் அரை அரைப் பங்கு, வெந்தயம் ஒரு சிட்டிகை, இவற்றைக் காய்ந்த சட்டியில் சின்ன நெருப்பில் மணம் மாறும் மட்டும் விடாமல் கிளறு, மாறியதும் வேறு பாத்திரத்தில் கொட்டு, சட்டியிலேயே விட்டால் கருகும். ஆறிய பிறகு ஒரு பங்கு வெறும் மிளகாயும் கொஞ்ச மஞ்சளும் கல, மிளகாயை நெருப்பில் போடாதே, குசினி முழுக்க இருமும். இந்தக் கலவையில் இரண்டரைக் கிலோ கோழிக்கு ஐந்து மேசைக்கரண்டி, அதில் மூன்றை உப்போடும் இஞ்சி உள்ளிப்பூண்டோடும் முதல்நாளே கோழியில் பிரட்டி வை. மற்ற நாள் வந்தவுடன் சோற்றைப் போடு, பிறகு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கு, அவசரப்படாதே, கறியின் நிறம் அங்கேதான் வருகிறது, பிறகு கோழி, மிச்சத் தூள், தண்ணீர் ஒரு கோப்பி கோப்பைக்கு மேல் விடாதே, கோழியே தண்ணீர் விடும். கோவாவை மயிர் போல மெல்லிசாக அரிந்து தேங்காய்ப்பூவோடு ஐந்து நிமிசம் வறை, அதற்கு மேல் கிடந்தால் ஈரம் விட்டுச் சோர்ந்துவிடும். சொதிக்குத் தேங்காய்ப்பால் தகரம் இரண்டு, அதே அளவு தண்ணீர், வெங்காயம், கீறின பச்சைமிளகாய் நாலு, மஞ்சள், உப்பு, கிளறிக்கொண்டே நுரை கூடும்போது இறக்கிவிடு, கொதிக்க விடாதே, தேசிக்காய் இறக்கி ஆறிய பிறகு. தேங்காய்ப்பால் கிடைக்காமல் பசுப்பால் விட்டால் தேசிக்காயே வேண்டாம். இன்னொன்று, எங்கள் சண்டையில் உருப்படியாகத் தேறிய யோசனை இதுதான், உறைப்பு கோழிச் சட்டியில் மட்டும் இருக்கட்டும், சொதியை வேறாக ஒரு பெரிய பாத்திரத்தில் மேசை நடுவில் வை. உறைப்புத் தாங்காதவன் தானே அள்ளி விட்டுக்கொள்வான், தாங்குகிறவன் கறியைக் கூடப் போடுவான். நேற்று யசிந்தாவின் நாலு வயதுக் கடைக்குட்டி மூன்று தரம் சொதி கேட்டது, பால் பெட்டி தேவைப்படவில்லை.

சாதாரண நாட்களில் நீங்கள் ஐந்து பேரும் பாணும் ஜாமும் தின்றுவிட்டுப் படுக்கிறீர்கள் என்று எழுதியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்காயை நெருப்பில் தோல் கருகச் சுட்டு உரித்து மசித்து, பச்சை வெங்காயமும் உப்பும் தேசிக்காயும் சேர்த்தால் பாணோடு அருமை, இது நல்லம்மாக்கா தந்தது. லீக்ஸை அரிந்து வதக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் பத்து நிமிசத்தில் ஒரு கறி, இது குணலட்சுமியுடையது. மெல்லிய நூடில்ஸை அவித்து மிச்சச் சொதியை விட்டால் கண்ணை மூடிக்கொண்டு இடியப்பம் என்றே சாப்பிடலாம், இதைச் சொன்னது உன் அப்பா, சமையலில் அவர் வாயால் வந்த முதல் யோசனை.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதியிருக்கிறேன். ஒன்றை நாளைக் காலை கிளாலியில் வள்ளமேறிக் கொழும்புக்குப் போகிற யசிந்தாவின் தமையன் கொண்டுபோகிறார், ஒன்று இங்கே தபாலில் போகிறது, மற்றதைப் புதன்கிழமை வருசப்பிறப்புக் கழிய வவுனியாவுக்குப் போகிற எங்கள் அதிபரிடம் கொடுப்பேன். மூன்றும் வந்தால் சிரித்துவிட்டு வைத்துக்கொள், ஒன்றாவது பத்தாந் திகதிக்கு முதல் வந்துவிட வேணும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முறையைக் கொடுத்திருந்தால் போய்த் திருப்பிக் கேள், வெட்கப்படாதே, அந்தப் பொடியன் நல்லவன் என்றுதானே எழுதியிருக்கிறாய், அன்றைக்கு அவன் வெங்காயம் வெட்டட்டும், அவனுடைய முறைக்கு நீ வெட்டிக் கொடு. பெரிய சமையற்காரர் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு சமைக்காதே, பயத்தில் உப்பு இரண்டு தரம் விழும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நின்றபடி தொட்டியடியில் சாப்பிடாமல், உனக்கும் ஒரு கதிரை இழுத்துப்போட்டு அவர்களோடு இருந்து சாப்பிடு. கறி பிழைத்துப் போனால் எங்கடை அம்மா பிழையாக எழுதிவிட்டா என்று சொல்லு, அது பொய்யும் அல்ல. நன்றாக வந்தால் என் பெயரை எடுக்காதே, நான் சமைத்தேன் என்று சொல்லு.

முருகன் உன் கூடவே நிற்பான், அப்பாவின் ஆசியும் தங்கச்சியின் அன்பும் இதிலே. இராவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு படு, பெரிய சட்டியை இறக்கும்போது தடித்த துணியால் பிடி, தனியே தூக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
பராசக்தி