அசையாத விளிம்பு

இன்று காலை ஆய்வுகூடத்தைத் திறந்ததும் முதலில் உன் பழைய கறுப்பு அபாயாவை எடுத்து உதறினேன். வெளிச்சம் புகாமல் கருவியைப் போர்த்துவதற்கென்று நீ வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கராம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"மத்தத் துணியெல்லாம் வெளிச்சம் விடும் புள்ள. இது எங்க ஊரு அக்குறணைச் சரக்கு" என்றாய் அன்று.

"அப்ப அதப் போட்டுக்கிட்டு நீயே கருவிக்கு மேல உக்காரு" என்றேன்.

நீ போன பிறகு அதைத் துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு தங்க முனைகள், நடுவில் சில அணுக்களின் அகலமே உள்ள இடைவெளி: இதுதான் நம் சந்தி. அந்த இடைவெளியைத் தாண்ட, மின்சாரத்தைச் சுமக்கும் இலத்திரன்களுக்கு வழியில்லை. ஆனாலும் தாண்டுகின்றன, தாண்டும்போது எப்போதாவது ஒளி விடுகின்றன. நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அனுமதிப்பதற்கு மேலான சக்தியுள்ள ஒளியை ஓர் இலத்திரனால் தர முடியாது. நம் சந்தியோ தந்தது. இரண்டு இலத்திரன்கள் கூட்டுச் சேர்ந்து தருகின்றன என்றாய் நீ. சந்தி சூடாகிறது, வேறொன்றுமில்லை என்றேன் நான்.

"ஒனக்கு எல்லாம் சூடுதான். இந்தத் தேத்தண்ணிக் கோப்பையும் வெளிச்சம் விடுமா?"

"விடும்டி. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"மின்னோட்டத்த விடு, அதுட இரைச்சலக் கேளு. தனியா வாறதும் சோடியா வாறதும் ஒரே மாதிரியா ஈக்கும்?"

பிறகொரு நாள், கொடுத்த அழுத்தத்தின் சரியாக இரு மடங்கில், வரைபில் ஒளி வெட்டினாற்போல் நின்றது. இரண்டு இலத்திரன்கள் சேர்ந்தால் தரக்கூடிய உச்சம் அதுதான்; சூடென்றால் மெல்ல மெல்லத்தான் தேய வேண்டும். நீ எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்தாய், "தோத்தவங்களுக்கு" என்று.

ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பினோம். பதில் வருவதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மதிப்பாய்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: அழுத்தத்தை மாற்றினால் ஒளி நிற்கும் அந்த விளிம்பும் நகர்கிறதா?

நாம் மாற்றியதேயில்லை. ஒரு நல்ல சந்தி அமைய மாதக்கணக்காகும். அழுத்தத்தைக் கூட்டினால் தங்கம் உருகும், குறைத்தால் ஒளி, அதை அளக்கும் உணரிக்கு எட்டாது. அந்தப் பயத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திப் பழகிவிட்டோம்.

மீதியிருந்த கடைசிச் சந்தியில் இன்று அழுத்தத்தைக் கூட்டினேன். ஒளி கூடியது. நீ சொன்னது சரியென்றால் நகர்ந்திருக்க வேண்டிய விளிம்பு அசையவில்லை. உணரியின் முன்னிருக்கும் கண்ணாடியைத் தனி விளக்கில் சோதித்தேன்; அந்த விளிம்புக்கு மேலான நிறங்களை அது விடுவதில்லை. விடும் என்று அதன் உறையில் போட்டிருந்ததை நம்பியிருந்தோம். நம் இரு மடங்கும் அதன் எல்லையும் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் தங்கம் உருகி, திரையில் கோடு தரையோடு படுத்துவிட்டது. பார்த்தது நான் மட்டும்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உன் மகள் அழைத்தாள். "அன்ட்டி, வெள்ளிக்கிழமை கேம்பஸ் நினைவுக் கூட்டத்தில உம்மா கண்டுபிடிச்சத நீங்கதானே சொல்லப்போற? அலவத்துகொட மாமி வீட்டாக்களும் வாராங்க. எங்களுக்கும் வெளங்குற மாதிரி சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றுவிட்டேன்.

சந்தி உருகிவிட்டது, இனி அளக்க முடியாது என்று மதிப்பாய்வாளருக்கு எழுதலாம். பொய்யில்லை. உன் பெயரோடு வரும் கடைசிக் கட்டுரை அது. வெளிவந்துவிடும், உன் வீட்டார் கைதட்டுவார்கள்.

உன்னிடம் ஒருமுறையாவது வெல்ல வேண்டுமென்று எவ்வளவு காலம் நினைத்திருப்பேன். வென்றேனா என்பதும் இப்போது தெரியவில்லை. சோடியா, சூடா என்பதை அந்த வரைபு இனி ஒருவருக்கும் சொல்லாது. உன்னோடு வாதிடும் பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. பகல் முழுவதும் வாதிட்டேன், உன் பக்கத்தையும் நானே பேசிக்கொண்டு. உன் பக்கம் பேசும்போதுகூட, மறைத்துவிடு என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன். துறையில் ஒருவருக்கும் இன்னும் தெரியாது. கூட்டத்துக்கு முன் அக்குறணையில் உன் வீட்டுக்குப் போய், உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பழையதும் இன்றையதுமான இரண்டு வரைபுகளையும் அவள் முன் வைப்பேன். அவளுடைய உம்மா பார்த்தது ஒரு கண்ணாடியின் எல்லையை என்று, வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.