சாம்பல் கோடு போட்ட பத்திரிகை

12.7.1983

இன்று ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் கடை வாசல் வரை வந்து திரும்பிப் போயிற்று. டிசைன் போடுகிறவர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். வீட்டில் படுத்தபடியே மோட்டுவளைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் வருவார் என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு மாயவரம் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து நாலு மாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. இத்தனை வருஷமும் இவர் டிசைன் போட்டுக் கொடுப்பார், நான் ஸ்கிரீனில் மையை ஊற்றி ரப்பரை இழுப்பேன். இழுக்க இன்றைக்கும் தெரியும். எதை இழுப்பது?

பேச ஆள் இருந்தவரை எழுதத் தோன்றியதில்லை. இப்போது கேலி பண்ணினால் பதில் கேலி வருவதில்லை. ஆகவே காகிதம்.

15.7.1983

டிசைனை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு. பக்கத்துக் கடை மதார் சாகிபிடம் சொன்னேன். ஈய எழுத்து அச்சகம் வைத்திருக்கிறார். எங்கள் பத்திரிகைக்கு வேண்டிய வரிகளை அவர்தான் அடித்துத் தருவார். அதை வெட்டி அட்டையில் எங்கே ஒட்டுவது, எவ்வளவு இடம் விடுவது, ஓரத்தில் எந்தக் கோடு, எந்தப் பூ — இவ்வளவுதான் டிசைன். சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது.

"அஞ்சாவது படிச்ச கையி, பாத்து தங்கச்சி" என்றார்.

ஆறாவது படித்த கை மட்டும் என்னத்தைக் கிழித்தது பாய், என்றேன். அவர் ஆறாவது.

கார்த்திகை முகூர்த்தத்துக்குள் டிசைன் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு இவரைத் தூக்கிக்கொண்டு அம்பகரத்தூர் போய்க் கொழுந்தனார் வீட்டுக் கொல்லை அறையில் கிடக்க வேண்டியதுதான். கொழுந்தனார் நல்லவர். நல்லவர் என்பதைத் தினம் ஒரு தடவை நமக்கு நினைவுபடுத்துவார்.

2.8.1983

வாரப் பத்திரிகையில் விளம்பரம். வீட்டிலிருந்தபடியே தபாலில் ஓவியம் கற்கலாமாம். மெட்ராஸ் விலாசம். பணம் அனுப்பிவிட்டேன்.

23.8.1983

பாடம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது: முதல் பாடம் குதிரை. கல்யாணப் பத்திரிகையில் குதிரைக்கு என்ன வேலை? சில மாப்பிள்ளைகளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போட முடியாதே.

இவரிடம் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

6.9.1983

பிரெஞ்சுக்காரன் காலத்து நூலகத்துக்குப் போனேன். பத்திரிகை அமைக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் வேண்டும் என்றதற்கு அந்தப் பையன் யோசித்து யோசித்துக் கோலப் புத்தகத்தை எடுத்து வந்தான். அது என் கைக்கே வரும் தம்பி என்றேன். பிறகு பிரெஞ்சில் ஒரு பெரிய புத்தகம். படங்கள் அழகு. கீழே என்ன எழுதியிருக்கிறதோ. ஒரு மணி நேரம் பொம்மை பார்த்துவிட்டு வந்தேன்.

14.9.1983

மாயவரம் போனேன். ஆர்டர் கொடுக்க வந்தவள் மாதிரி ஒரு அச்சகத்தில் நின்று, டிசைன் போடுகிறவர் கையையே பார்த்தேன். அவர் ஒரு தரம் பார்த்தார், இரண்டு தரம் பார்த்தார், அப்புறம் வேலையின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

"ஆர்டர் குடுக்க வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?"

மாப்பிள்ளை பார்க்க வந்தேன், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

21.9.1983

இவருடைய பழைய சாம்பிள் ஆல்பத்தைப் பார்த்து அப்படியே ஒட்டிப் பார்த்தேன். அவர் மூன்று வரி வைத்த இடத்தில், நான் பழக எடுத்த கல்யாண வீட்டுக்குப் பதினொரு தாய்மாமன்கள். ஒருவரையும் விட முடியாது, விட்டால் பந்தலில் அடிதடி. கடைசியில் கூட்டம் ஏறிய டவுன் பஸ் மாதிரி ஆயிற்று. மணமகள் படிக்கட்டில் தொங்குகிறாள்.

இவர் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தலையாட்டலுக்குக் காத்திருந்தேன். ஒரே ஒரு தலையாட்டல். அது போதுமே எனக்கு.

8.10.1983

இன்று தெருக்கோடி வீட்டு ழுலியேத் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பாரிசிலும் புதுச்சேரியிலும் இருக்கிற சொந்தங்கள் நல்லது கெட்டதுக்கு அனுப்பிய அட்டைகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். அப்படியே கொடுத்தார்கள். "பாத்துக் கத்துக்க அஞ்சுகம், எல்லாம் நல்ல நல்ல காகிதம்."

ராத்திரிச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்ன அழகு! எத்தனை இடம் விட்டிருக்கிறார்கள்! எவரும் எவரையும் இடிக்கவில்லை. கறுப்புக் கட்டம் போட்டவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். சாவுக் காகிதம் எனக்கும் தெரியும்.

17.10.1983

நெடுங்காடு தியாகராசன் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். நம்பி வந்தார். பெட்டியில் இருந்த ஒன்றைப் பார்த்து அமைத்தேன். சுற்றிலும் மெல்லிய சாம்பல் நிறக் கோடு, மூலையில் ஒரு கிளை, நடுவில் பெயர்கள், மிச்சமெல்லாம் வெள்ளை. தாய்மாமன்களை உள்பக்கம் தள்ளிவிட்டேன். தியாகராசன் வாங்கிப் பார்த்து, சீமைப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று.

இவரிடம் கொண்டுபோனேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் இழுத்து, அட்டையை இரண்டாகக் கிழித்துப் போட்டார். ஏதோ சத்தம் போட்டார், விளங்கவில்லை.

பொறாமையா, என்றேன். பொண்டாட்டி முந்திக்கொண்டாள் என்று வயிறு எரிகிறதா? அவர் கண்ணில் தண்ணீர். நான் சிரித்துக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினேன்.

இன்றே பத்திரிகை எல்லாவற்றையும் இழுத்துக் காயவைத்தேன்.

30.10.1983

எப்படி எழுதுவேன்.

தியாகராசன் வீட்டார் பத்திரிகைக்கு மூலை மூலையாக மஞ்சள் தடவிக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு சொல்தா. கையில் வாங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம். இந்தக் கோடும் இந்தக் கிளையும் பிரான்சில் துக்கத்துக்குப் போடுவது, யார் செத்தது என்று கேட்டாராம். அங்கே சாம்பலும் சாவுதானாம். எனக்கு என்ன தெரியும். கறுப்பு ஒன்றுதானே எனக்குத் தெரியும்.

தியாகராசன் வந்தார். பத்திரிகைக் கட்டைக் கடை வாசலில் போட்டார். உள்ளே வரவில்லை. ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்துத் தெருவில் எறிந்தார்.

"எம் பொண்ணுக்குக் கருமாதிப் பத்திரிகை அடிச்சிருக்கியே, நீ நல்லாருப்பியாம்மா?"

அவர் கிழித்த விதத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துத்தானே போடுவோம், வீட்டில் வைக்கமாட்டோமே. இவர் அதைத்தானே எனக்குச் சொன்னார். வாயில்லாமல், பல்லால் சொன்னார். நான் பொறாமையா என்று கேட்டேன். அய்யோ, நான் என்ன பொம்பளை!

4.11.1983

தீபாவளி. யாரும் வரவில்லை. மழை.

9.11.1983

கல்யாணம் குறித்த நாளிலேயே நடக்குமாம். பத்திரிகையை நாகப்பட்டினத்தில் அடித்துக்கொண்டார்களாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது தாயே. மதார் சாகிப் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு முன்னால் போகிறவர்கள் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ழுலியேத் அம்மா அழுதுவிட்டார்கள். நீ கேட்டிருக்கலாமே, நான் படித்துச் சொல்லியிருப்பேனே என்றார்கள். கேட்டிருக்கலாம். வெட்கம். பிரெஞ்சு தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை. படம் பார்த்தே கற்றுவிட்டேன் என்று காட்டிக்கொள்ள ஆசை.

26.11.1983

சும்மா இருக்க முடியாமல் இவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய வரிகளை ஒரு அட்டையில் பரப்பினேன். இவர் இடது விரலால் ஒவ்வொரு துண்டாக அட்டைக்கு வெளியே தள்ளினார். நான் திரும்ப வைத்தேன். திரும்பத் தள்ளினார். கடைசியில் இரண்டு பெயர் மட்டும் நின்றது. வேண்டாம், விட்டுவிடு என்கிறாராக்கும். மூடிவைத்தேன்.

11.12.1983

கொழுந்தனார் வந்து கொல்லை அறையைச் சுத்தம் பண்ணிவிட்டதாகச் சொன்னார். நல்லவர். தை பிறந்ததும் வருகிறோம் என்றேன். கடைப் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன், அதுவாவது லேசாகப் பூட்டிக்கொள்ளட்டும்.

3.1.1984

இவர் விடியற்காலை போய்விட்டார். நான் பால் வாங்கப் போயிருந்தேன்.

8.1.1984

பதினாறாம் நாளுக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். கொழுந்தனார் நாகப்பட்டினத்தில் கொடுத்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவர்.

மதார் சாகிப் வரிகளை அடித்துக்கொண்டுவந்து கொடுத்தார். சொந்தக்காரர்கள் பெயர், ஒரு பாட்டு, இறைவனடி சேர்ந்தார் என்று நாலு வரி, எல்லாம் இருந்தது. அட்டையில் பரப்பினேன். டவுன் பஸ். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிற்று. பாட்டைத் தள்ளிற்று. கொழுந்தனாரைக்கூடத் தள்ளிற்று. சி. காத்தமுத்து என்ற பெயரும் நாளும் இடமும் மட்டும் நின்றது. சுற்றிலும் கறுப்பில் ஒரு கோடு போட்டேன்.

அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை இவர். இப்படி வை என்று சொன்னார்.

மதார் சாகிப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "காத்தமுத்து போட்டதாட்டமே இருக்கு தங்கச்சி."

10.1.1984

கொடுக்கப் போன இடத்திலெல்லாம் வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்கள். வழக்கம், யாரைச் சொல்ல? நான் உருப்படியாகப் போட்ட ஒரே பத்திரிகை. திரும்பி வரும்போது தெரு முழுக்க என் வெள்ளை இடம் துண்டு துண்டாக ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.

வீட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு கையிலும் பிடித்தேன். கிழிக்கவில்லை. கடையைத் திறந்து சாம்பிள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஆகாது என்றால் ஆகாமல் போகட்டும். இனி ஆக என்ன இருக்கிறது?

19.2.1984

கொழுந்தனார் இரண்டு தடவை வண்டி அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

கல்யாணக்காரர்கள் இனி என் கையால் வாங்கமாட்டார்கள். பொட்டில்லாத நெற்றி. அது தெரிந்துதான் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று குரும்பகரத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தான். அப்பா தவறி நாலு நாளாம். ஆல்பத்தைப் புரட்டினான். பூவும் பிள்ளையாரும் தேங்காயும் எல்லாம் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றான்.

"இது மாதிரியே வேணுங்க. யாரு போட்டது?"

"நாந்தான் தம்பி. பக்கத்துல இருந்து சொல்லிக்குடுத்தது எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

அவன் பெயரைப் படித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்பா பெயரைச் சொல்லுங்க என்று காகிதத்தை எடுத்தேன்.