கிழக்கே நாலு, மேற்கே மூன்று

அன்புள்ள மருமகளுக்கு, உன் தாய்மாமா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் உன் சுகத்தையும் அக்காவின் சுகத்தையும் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் ஆபரேஷனின் இடுப்புத் தையலும் பிரித்தாகிவிட்டது, மறுவாரம் வெள்ளிக்கிழமை காரில் கிளம்புகிறோம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் குளிர்ந்தது. கூடவே வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். நான்கு மாதமாக என் கடிதங்களை எல்லாம் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாய். இதைப் படித்துக் காட்டாதே. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு எடுத்துப் போய்த் தனியாகப் படி. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் என்றால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. அஞ்சாங் கிளாஸோடு நின்ற கைக்குப் பேனா மெதுவாகத்தான் போகும். பொய் சொல்ல அந்த வேகம் போதாது. பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் நாளை உங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குத்தான் வருகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் பின்பக்கத்துக் குளம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீ ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனாய். அம்மா திரும்பி வந்தால் ஆறு மாதம் எழுந்து நடக்க முடியாது, பின்பக்க ஜன்னலோரம் கட்டிலைப் போடணும், பார்க்கக் குளமாவது அழகாக இருக்கட்டும் என்றாய். ஓரத்துப் படியில் சாண் தண்ணீரில் வசம்பு, மூலைக்கு மூலை கல்வாழை, கரை மண்ணில் வல்லாரை. நடுவில் அப்பாவின் வெள்ளை அல்லி, அதைத் தொட வேண்டாம். மிதக்கிற செடி எதுவுமே வேண்டாம். கடைசி இரண்டுக்கும் அடிக்கோடு வேறு போட்டிருந்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். முப்பது வருஷம் லாரி ஓட்டி, பார்க்காத காடு இல்லை, மேடு இல்லை, எனக்கே படம் போட்டுக் கொடுக்கிறாளே இந்தப் பொண்ணு என்று கண்டக்டரிடம் சிரித்தேன். அந்தச் சட்டையைத் துவைத்தும் போட்டேன். காகிதம் கூழாகிவிட்டது. இப்போது மேலே எழுதியிருப்பதெல்லாம் நினைவிலிருந்து எழுதியது. உண்மையில் நன்றாகவே நினைவிருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

நீங்கள் போன மூன்றாம் வாரம் உன் மீன்களை அண்டாவில் விட்டுவிட்டு, குளத்தைச் சுத்தம் செய்யத் தண்ணீரை இறைத்தேன். எழுபது வாளி. சரி, முப்பது இருக்கும். நடுவில் அல்லியைப் பார்த்தால் ஒரு இலை இல்லை. தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். கிழங்கு கருகின கட்டை மாதிரி இருந்தது. அழுகிப்போச்சு என்று நானே டாக்டர், நானே நர்ஸ் ஆகி முடிவு செய்து, பிடுங்கிக் குப்பைக் குழியில் வீசினேன். உன் அப்பா சிமெண்டு மிச்சம் பிடித்துத் தன் கையால் பூசிய குளம். அவர் கண் மூடுவதற்கு முந்தைய மாதம் சைக்கிள் கேரியரில் வாளியைக் கட்டி, தண்ணீர் தளும்பாமல் தள்ளிக்கொண்டே வந்து இறக்கிய அல்லி. வீசும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. செத்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் நினைத்தேன்.

குளம் மொட்டையாக நின்றது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்தேன். மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், தூக்கிப் போட்டால் போதும். இதைவிடச் சுலபமான செடி உலகத்தில் உண்டா என்று மூன்று கொத்து கொண்டுவந்து விட்டேன். மூன்று பத்தாயிற்று. பத்து நூறாயிற்று. இரண்டு மாதத்தில் தண்ணீரே தெரியவில்லை. கண்டக்டர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாமா, குளத்துக்குப் பாய் விரிச்சிருக்கீங்க, யார் படுக்கப் போறா?" என்றார். "இது புது முறை ஓய், வெயில் படாம மீன் குளுகுளுன்னு இருக்கும்" என்றேன். நாலாம் நாள் மீன்கள் இலை இடுக்கில் வாயைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்தன. மறுநாள் அந்தத் தவிப்பும் இல்லை. உன் சிவப்பு வால்காரன் உட்பட ஒன்றுகூட மிஞ்சவில்லை. முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

அதே வாரத்தில்தான் உனக்கு எழுதினேன். அக்கா அல்லி பூத்ததா என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில். ஏழு பூ பூத்திருக்கிறது என்று எழுதினேன். எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டதாகத் திரும்ப எழுதினாய். கிழக்கே நாலு, மேற்கே மூன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே அதை இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

பிறகு பயம் வந்தது. ஆகாயத்தாமரையை எல்லாம் வாரிப் போட்டேன், எத்தனை கூடை என்று சொல்ல மாட்டேன், நான் சொன்னால் கூடும். செடி வாங்க நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அதை நடத்துகிற அம்மா கெட்டிக்காரி. அல்லி அழுகிய கதையைக் கேட்டுவிட்டு, "எந்த மாசம் பிடுங்கினீங்க?" என்றாள். சொன்னேன். "பனி மாசத்துல அது இலையெல்லாம் விட்டுட்டுத் தூங்கும் பெரியவரே. கறுப்பாத்தான் இருக்கும். நசுக்கிப் பாத்தீங்களா, கெட்டியா இருந்துச்சா, கொழகொழன்னு இருந்துச்சா?" என்றாள். மருமகளே, அது கெட்டியாகத்தான் இருந்தது. கல் மாதிரி இருந்தது. நான் குனிந்து வேட்டி மடிப்பைச் சரி செய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "தூங்கறதைப் போய் எழுப்பிக் குப்பையில போட்டுட்டீங்களே" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளிடம் ஒரு தொட்டியில் வெள்ளை அல்லி இருந்தது. எண்ணினேன், ஆறு மொட்டு. இன்னொன்று வந்தால் நான் எழுதியது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. வாங்கிவந்து குளத்தின் நடுவில் இறக்கினேன். அதே வெள்ளை, அதே அகலம். உன் அப்பாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று சாயங்காலம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் செய்தியை எழுதிவிட்டு, கீழே ஓரத்தில் ஒன்று எழுதியிருந்தாய். அம்மா மறுபடியும் பூக்கணக்குக் கேட்டாங்க, ஏழுன்னு சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க, "சரி, இனிமே அவன்கிட்ட அதைப் பத்திக் கேக்காதே"ன்னாங்க, ஏன் அழுதாங்கன்னு தெரியலை மாமா.

எனக்குத் தெரியும். உனக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே என் பொய்க்கு ஏழு என்றுதான் எண். அஞ்சாங் கிளாஸில் தேறாதபோது என்கூட ஏழு பேர் தேறவில்லை என்றேன். பக்கத்து வீட்டுக் கூரை ஓட்டை உடைத்தபோது ஏழு குரங்கு வந்தது என்றேன். லாரியைப் பள்ளத்தில் இறக்கியபோதும் எதிரே ஏழு மாடு. ஏழு என்று நான் வாயைத் திறந்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவைகூட எங்கள் அப்பாவிடம் காட்டிக்கொடுத்ததில்லை. தலையில் ஒரு குட்டு வைத்து, "ஏழா?" என்பாள், அவ்வளவுதான். பூவைப் பற்றிய முதல் கடிதத்தில் ஏழு என்று நீ படித்துக் காட்டியபோதே அல்லி போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று கேட்டது, நான் உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்ததுதான். அதற்கும் நான் கூட்டினால் ஏழு வரும்படி கணக்குப் போட்டு அனுப்பினேன். பிள்ளை குட்டி இல்லாதவனை மாடி அறையில் வைத்துப் பதினோரு வருஷமாகச் சோறு போடுகிறவளுக்கு நான் செய்தது இது.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குப்பைக் குழியில் இறங்கினேன். பாதிக் குப்பையைக் கண்டக்டர் தன் வாழைக்கு எருவாக அள்ளிப் போயிருந்தார். அவரிடம் போய் முழுக் கதையையும் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வெட்டுப்பட்டுடும் மாமா, கையால தேடுவோம்" என்றார். இரண்டு பேரும் மண்டி போட்டு இரண்டு நாள் தேடினோம். மூன்றாவது வாழையின் அடியில் கிடைத்தது. முழுக் கிழங்கு இல்லை. கட்டை விரல் நீளத் துண்டு. ஒரு பக்கம் சொத்தை, மறுபக்கம் கெட்டி.

களிமண்ணில் ஊன்றி, செங்கல் மேல் வைத்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குளத்தில் இறக்கினேன். வசம்பும் கல்வாழையும் வல்லாரையும் நீ சொன்ன இடத்தில் வைத்தாயிற்று. நாற்றுப் பண்ணை அல்லியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடுவில் இப்போது அந்தத் துண்டு மட்டும்தான். ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அக்காவுக்கு அழகாக இருக்காது. அதற்கும் என்னை மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நான் வாசலிலேயே நிற்பேன். நடந்ததை அக்காவிடம் நானே சொல்வேன், நீ சொல்ல வேண்டாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்ன செய்யும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் காரில் ஏறும்போது ஒன்றே ஒன்று அவள் காதில் போட்டுவை. இன்று காலை அந்தத் துண்டிலிருந்து இலை வந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு, செம்பு நிறம், இன்னும் தண்ணீருக்கு மேலே வரவில்லை. எத்தனை இலை என்று அவள் கட்டாயம் கேட்பாள்.

ஒன்று என்று சொல்.

நீங்கள் இருவரும் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் மாமா.